நெஞ்செரிச்சலும் மதுவும்



நம் தோட்டப்புறங்களில் 'வாயு' என்ற சொல் மிகவும் செல்வாக்குப் பெற்றது. நெஞ்சு எரிந்தாலும் வாயு, புளியேப்பம் வந்தாலும் வாயு, மார்பு வலித்தாலும் வாயுதான். அதற்குக் கைவசம் ஒரு மருந்தும் வைத்திருக்கிறோம். "கொஞ்சம் பிராந்தி போட்டால் சரியாகிவிடும்" என்கிறோம். அந்த மருந்து நோயைத் தீர்க்கிறதா, வளர்க்கிறதா என்பதை இன்று சிந்திப்போம்.

நாம் உண்ணும் உணவைச் செரிக்க இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது. அந்த அமிலம் புண்ணாக்கிவிடாதபடி இரைப்பையின் உட்சுவரை ஒரு சளிப்படலம் காக்கிறது. உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லை. ஆகவே, இரண்டும் சேருமிடத்தில் இயற்கை ஒரு தசை வளையத்தை அமைத்திருக்கிறது. பாட்டியின் சுருக்குப் பையைப் போல, உணவு இறங்கும்போது அது விரியும். இறங்கியதும் இறுக மூடிக்கொள்ளும். மூடாமல் தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். அதுவே நெஞ்செரிச்சல்.

மது என்ன செய்கிறது? முதலாவதாக, அந்தச் சுருக்கைத் தளர்த்துகிறது. இரண்டாவதாக, ஏறிய அமிலத்தைக் கீழே தள்ளும் உணவுக்குழாயின் அசைவை மந்தப்படுத்துகிறது. மூன்றாவதாக, மென்மையான உட்தோலை நேராகவே உறுத்துகிறது. பீர் போன்ற புளிக்கவைத்த பானங்கள் அமிலச் சுரப்பையும் கூட்டுகின்றன. கள்ளோ நேரம் ஆக ஆகத் தானே புளித்துக் காடியாகும் பொருள்.

அப்படியானால், பிராந்தி குடித்ததும் ஏப்பம் வந்து சுகமாக இருக்கிறதே என்று கேட்கலாம். ஏப்பம் வருவதே அந்தச் சுருக்கு அவிழ்ந்ததற்கு அடையாளம். காற்று வெளியேறிய அதே வழியில் அமிலமும் ஏறும். சம்பள நாள் இரவில் குடித்துவிட்டு, பொரித்த கறியோடு வயிறு நிறையச் சாப்பிட்டு, உடனே படுத்தவர் நள்ளிரவில் தொண்டை எரிய எழுந்து உட்காருவது இதனால்தான்.

குடிக்காதவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. அதிக உடற்பருமன், புகைபிடித்தல், கர்ப்ப காலம் ஆகியவையும் காரணங்களே. ஆனால் எரிச்சல் உள்ளவர் குடிப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும். நாளடைவில் உணவுக்குழாய் புண்ணாகலாம், சுருங்கலாம். 1988ஆம் ஆண்டிலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மதுபானங்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று அறிவித்தது. உணவுக்குழாய்ப் புற்றுநோயும் அவற்றுள் ஒன்று.

குடியின் கேட்டை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர்கள், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரினார்கள். 1947இல் கெடாவின் பீடோங் பகுதியில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் நடத்தினார்கள். பேராக்கில் ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்துவிட்டது. நம்மில் பலர் ஈப்போ நகரப்புறத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டோம். ஆனால் அந்தப் பழக்கம் பல குடும்பங்களில் நம்முடனேயே வந்திருக்கிறது.

இனி, செய்ய வேண்டியவை. மதுவை விடுவதே முதல் மருந்து. நெடுநாளாக அன்றாடம் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். ஆகவே மருத்துவரின் துணையோடு நிறுத்த வேண்டும். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் இருக்கட்டும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கட்டை வைத்து 6 அங்குலம் உயர்த்தலாம். இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும் உதவும். குடித்த வயிற்றில் ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளை விழுங்கக் கூடாது. இரைப்பையில் இரத்தம் கசியக்கூடும்.

உணவு விழுங்க முடியாமை, இரத்த வாந்தி, கறுப்பு மலம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகிய நான்கில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாரக்கணக்கில் எரிச்சல் நீடித்தால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். வீட்டில் ஒருவர் மார்பை அழுத்துகிறது என்கிறார். வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவுகிறது. அது மாரடைப்பாக இருக்கலாம். அப்போது பிராந்தியையும் தைலத்தையும் தேடாதீர்கள், 999ஐ அழையுங்கள். வாயு என்று எண்ணிக் காத்திருக்கும் நேரத்தில் ஓர் உயிர் போய்விடலாம்.