பெயர்க் கட்டத்தில் ஒளியும் கட்டளை

கோயில் விழா உபயம், பிள்ளைகளின் டியூஷன், சங்கத்தின் குடும்ப தினம் என எல்லாவற்றுக்கும் இன்று இணையப் படிவம்தான். பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண் எனக் கேட்டதையெல்லாம் நிரப்பி அனுப்பிவிடுகிறோம். மென்பொருள் துறையில் இருக்கும் எனக்கு அந்தக் கட்டங்களைப் பார்த்ததும் ஒரு கேள்வி எழும்: இங்கே எழுதுவது மறுமுனையில் எங்கே போகிறது?

பெரும்பாலும் தரவுத்தளத்துக்குப் போகும். சில நிரல்களோ மின்னஞ்சல் அனுப்பவோ கோப்பைத் தேடவோ, நாம் எழுதியதையும் சேர்த்து ஒரு கட்டளை வரியாக்கி சர்வரிடமே நீட்டிவிடும். ஆபத்து அங்கேதான்.

ஓர் உணவுக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் எழுதிய சீட்டை ஊழியர் படிக்காமலே உள்ளே கொடுக்கிறார். உள்ளே இருப்பவர் சீட்டில் உள்ளதை அப்படியே செய்பவர். ‘ஒரு தே தாரிக், கல்லாவில் இருப்பதையும் கொடு’ என்று ஒருவர் எழுதினால்? லினக்ஸ் சர்வரில் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ‘ஷெல்’லும் இப்படித்தான். அரைப்புள்ளியைக் கண்டால், அடுத்து வருவது புதிய கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். அந்த நிரலுக்கு உள்ள அனுமதியெல்லாம் அப்போது எழுதியவர் கைக்குப் போய்விடும். நம் அடையாள அட்டை எண்கள் உள்ள கோப்பும் அதில் அடங்கலாம்.

இது கற்பனையல்ல. என்சிஎஸ்ஏ, அப்பாச்சி வெப் சர்வர்களுடன் ‘பிஎச்எஃப்’ என்றொரு மாதிரி நிரல் வந்தது. தொலைபேசிப் பட்டியலில் பெயர் தேடும் படிவம் அது. ஆபத்தான குறிகளை முடக்க வடிகட்டியும் இருந்தது. ஆனால் ஒன்று விடுபட்டது: புது வரிக் குறி. அதையடுத்து ஒரு கட்டளையைச் சேர்த்து அனுப்பினால், சர்வரின் கடவுச்சொல் கோப்பையே படிக்க முடிந்தது. 1996 மார்ச்சில் அமெரிக்காவின் செர்ட் மையம் எச்சரிக்கை வெளியிட்டது.

தடைப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் ஏதாவது ஒன்று நழுவும். நம்மவர்களுக்கு அதில் இன்னொரு சங்கடமும் உண்டு. மலேசியாவில் ‘ஏ/எல்’, சிங்கப்பூரில் ‘எஸ்/ஓ’ என நம் பெயரிலேயே சாய்வுக்கோடு இருக்கிறது. குறிகளையெல்லாம் தடுக்கும் படிவம் நம் பெயரையே ஏற்க மறுக்கும்.

சரியான வழி, ஷெல்லை இடையில் விடாமல் இருப்பது. பைத்தானில் கட்டளையையும் பயனர் எழுதியதையும் ஒரே வரியாக ஒட்டாமல், பட்டியலின் தனித்தனி உறுப்புகளாகக் கொடுக்கலாம். அப்போது அரைப்புள்ளி வெறும் எழுத்துதான். பெயரும் பெயராகவே இருக்கும். கூடவே, கைப்பேசி எண் கட்டத்தில் எண்ணை மட்டும் ஏற்பது போல, எது வரலாம் என்பதை முதலிலேயே வரையறுத்துவிட வேண்டும்.

உங்கள் சங்கத்துக்கு இணையத்தளம் செய்து தரும் தம்பியிடம் நிறத்தையும் படத்தையும் பற்றிப் பேசும்போது இதையும் கேளுங்கள்: “நாங்கள் எழுதுவது எந்தக் கட்டளைக்குள்ளாவது போகிறதா?” பதில் தெளிவாக வரும்வரை அடையாள அட்டை எண்ணை அந்தப் படிவத்தில் கேட்காமல் இருப்பதே நல்லது.