பெயர்ப் பதிவேடும் பொதுஜன அபிப்பிராயமும்

இணையத்தில் ‘டாட் ஆர்க்’ என்று முடியும் முகவரிகள் ஒரு கோடிக்கு மேல் உண்டு. தரும ஸ்தாபனங்களும் லாபநோக்கமற்ற சங்கங்களும் இவற்றைப் பெரிதும் விரும்பிக் கொள்கின்றன. இத்தகைய பெயர்களின் உலக ஏற்பாட்டை மேற்பார்ப்பது, 1998-ல் கலிபோர்னியாவில் ஏற்பட்ட ‘ஐகான்’ ஸ்தாபனம். பெயர் பதிந்தோர் நேரே வாக்களிக்கும் மகாசபை அதற்கில்லை. ஆகவே முக்கிய விஷயங்களில் பகிரங்கமாக அபிப்பிராயம் கேட்பது அதன் வழக்கம்.

பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 10 சதவீதத்திற்கு மேல் ஏறலாகாது என்றிருந்த வரம்பை நீக்க, 2019-ல் அவ்வாறே கேட்டது. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் எழுதினர்; மிகப் பெரும்பாலோர் கூடாதென்றனர். ஆயினும் ஜூன் மாதத்தில் வரம்பு நீங்கிற்று. கேட்பது வேறு, செவிசாய்ப்பது வேறு போலும்!

நவம்பரில், பதிவேட்டை நடத்தும் லாபநோக்கமற்ற ஸ்தாபனத்தை ‘எதோஸ் கேபிடல்’ என்னும் தனியார் முதலீட்டு நிறுவனம் வாங்கப் போவதாக அறிவிப்பு வந்தது. விலை 113.5 கோடி டாலர். அதில் 36 கோடியைக் கடனாகப் பெற்று, அச்சுமையை அந்த ஸ்தாபனத்தின் மீதே ஏற்றுவது திட்டம். பெயர் பதிந்தோரை முன்கூட்டி யாரும் கலந்து கொள்ளவில்லை.

அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியது இனித்தான். ஐகானின் முதல் தலைவரான எஸ்தர் டைசன் முதலியோர், பெயர் பதிந்தவர்களே அங்கத்தினராகும் கூட்டுறவு ஸ்தாபனம் ஒன்றை அமைத்து, பதிவேட்டை அதனிடம் ஒப்புவிக்கக் கோரினர். அது கைகூடவில்லை. ஆனால் எதிர்ப்பு வலுத்தது. 2020 ஏப்ரல் 15-ல் கலிபோர்னியா மாநில அட்டர்னி ஜெனரலும் விற்பனையை மறுக்குமாறு ஐகானுக்கு எழுதினார். 30-ந் தேதி ஐகான் சம்மதம் மறுத்தது. பதிவேடு பழைய ஸ்தாபனத்திடமே நின்றது. கட்டண வரம்பு மட்டும் அப்போதும் திரும்பவில்லை.