பாளையம் போன பின்பு – 6
சிப்பாய்க் கட்டிலில் கல்லூரி மாணவன்

கலிஃபோர்னியாவின் ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் மான்டரே ஊரைத் தாண்டி வடக்கே சில நிமிடம் போனால் வலப்பக்கம் ஒரு பிரிவு வரும். பெயர்ப் பலகை ‘லைட்ஃபைட்டர் டிரைவ்’ என்கிறது. ஏழாவது காலாட்படை டிவிஷன் வீரர்களுக்கு ‘லைட்ஃபைட்டர்’ என்று பட்டப்பெயர். கனரக டாங்கிகளைக் கட்டி இழுக்காமல் கைச்சுமையோடு விமானம் ஏறிப் போய் இறங்கிச் சண்டை போடும் படை அது. அந்தச் சாலையில் திரும்பினால் ‘டிவார்ட்டி’ தெரு. டிவிஷன் ஆர்ட்டிலரி என்பதன் சுருக்கம். இன்னொன்று ‘இன்டர் காரிசன்’ சாலை. மற்றொன்று கொரியப் போரை நினைவூட்டும் ஓர் ஆற்றின் பெயரில் ‘இம்ஜின் பார்க்வே’. தெருக்களெல்லாம் பட்டாளத்துப் பெயரில் இருக்க, நடந்து போகிறவர்கள் தோளில் மடிக்கணினிப் பை மாட்டிய பிள்ளைகள். பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை போலும். நல்லதுதான்.

சென்ற வாரம் ஹிஜ்லி சிறைமுகாமில் ஐ.ஐ.டி. முளைத்ததைப் பார்த்தோம். அங்கே மாறியது ஒரு கட்டடம். இங்கே மாறியது ஒரு நகரத்தின் அளவுள்ள நிலம். ஃபோர்ட் ஆர்டு என்ற இந்தப் பாளையத்தின் பரப்பு சுமார் 28,000 ஏக்கர். 2011-ல் எல்லை விரிவதற்கு முன்பிருந்த சென்னை மாநகராட்சியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1917-ல் பீரங்கிப் பயிற்சிக்கென்று ராணுவம் இங்கே நிலம் வாங்கியது. இரண்டாம் உலகப் போர், கொரியா, வியட்நாம் என்று ஒவ்வொரு போருக்கும் இங்கிருந்து ஆட்கள் போனார்கள். மொத்தத்தில் 15 லட்சம் பேர் வரை பயிற்சி பெற்றிருப்பார்கள் என்பது கணக்கு. கொரியப் போர்க் காலத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு சிப்பாயின் பெயர் கிளின்ட் ஈஸ்ட்வுட். 1961-ல் அடிப்படைப் பயிற்சிக்கு வந்த இன்னொருவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். துப்பாக்கியைவிட கிதார்தான் அவர் கைக்குப் படிந்தது என்பது ஊரறிந்த கதை.

பனிப்போர் முடிந்தது. இத்தனை பாளையம் எதற்கு என்ற கேள்வி வாஷிங்டனில் எழுந்தது. 1991-ல் மூடவேண்டிய தளங்களின் பட்டியலில் ஃபோர்ட் ஆர்டும் ஏறிற்று. 1994 செப்டம்பரில் கொடி இறங்கியது. சுமார் 15,000 வீரர்களும் அவர்கள் குடும்பங்களும் கிளம்பினார்கள். அவர்களை நம்பியிருந்த சீசைட், மரீனா என்ற இரண்டு சிற்றூர்களில் முடிதிருத்துகிறவர் கத்தரியைக் கீழே வைத்தார். வாடகை வீட்டுக்காரர் வாசலில் பலகை தொங்கவிட்டார். பட்டாளம் போன ஊர் எப்படியிருக்கும் என்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குப் புதிதல்ல.

அந்தத் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர் லியோன் பனெட்டா. அறுபதுகளில் இதே பாளையத்தில் உளவுப் பிரிவு அதிகாரியாக வேலை பார்த்தவர். மூடவேண்டாம் என்று முதலில் போராடினார். முடியாது என்று தெரிந்ததும், போகிற பாளையத்துக்குப் பதில் என்ன வரும் என்று யோசிப்பவர்களைக் கூட்டினார். பிறகு கிளின்டன் அரசில் வரவுசெலவுத் துறைக்கும், 1994-ல் அதிபர் மாளிகையின் தலைமை அதிகாரி பதவிக்கும் போய்ச் சேர்ந்தார். அந்த நாற்காலி இல்லாமல் காரியம் இவ்வளவு வேகமாக நடந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

வேகம் என்றால் அப்படியொரு வேகம். பாளையம் மூடி பதினோரு மாதத்தில், 1995 ஆகஸ்டில், வகுப்பு தொடங்கிவிட்டது. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் 21-ஆவது வளாகம் அது. மான்டரே பே என்று பெயர். 654 மாணவர்கள். செப்டம்பர் 4 அன்று அதிபர் கிளின்டனே வந்து திறந்துவைத்தார்.

புதிதாக ஒரு கட்டடம்கூடக் கட்டவில்லை. சிப்பாய்கள் படுத்த பாரக்ஸ் விடுதியாயிற்று. அதிகாரிகளின் குடும்பங்கள் இருந்த வீட்டு வரிசைகளில் ஆசிரியர்களும் மணமான மாணவர்களும் குடியேறினார்கள். நூலகத்துக்கும் ராணுவக் கட்டடம்தான். தனக்கென்று கட்டிய நூலகம் 2008 டிசம்பரில்தான் திறந்தது. சாலினாஸ் பள்ளத்தாக்கில் கீரை பயிரிட்டு விற்கும் தனிமுரா–ஆன்டில் குடும்பத்தாரின் பெயர் அதன் நெற்றியில் இருக்கிறது. அமெரிக்கா சாலடுக்குத் தின்னும் லெட்யூஸ் கீரையில் பெரும்பங்கு அந்தப் பள்ளத்தாக்கில் விளைகிறது.

வளாகத்தில் எங்கு திரும்பினாலும் கண்ணில் பட்டது ‘ஹாமர்ஹெட்’ பாரக்ஸ்தான். நீண்ட மூன்று மாடி கான்கிரீட் கட்டடம், ஒரு முனையில் அகலமான தலை. மேலிருந்து பார்த்தால் சுத்தியல் போலிருக்கும். அவற்றை இடிப்பது சின்ன வேலையல்ல. சுவரில் ஈயம் கலந்த வண்ணம், குழாய்ச் சுற்றிலும் தரையோட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ். சும்மா இடித்தால் தூசு ஊர் முழுக்கப் பரவும். முகமூடி போட்ட ஆட்கள் ஒவ்வொன்றாக உரித்து, மூட்டை கட்டி, தனி இடத்தில் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். இரண்டாம் போர்க்கால மர பாரக்ஸ் வேறு நூற்றுக்கணக்கில். அந்த மரம் இன்று காசு கொடுத்தாலும் கிடைக்காத வைரம் பாய்ந்த பழங்காட்டு மரம். மேலே பூசியிருப்பதோ ஈய வண்ணம். வண்ணத்தை இழைத்தெடுத்துப் பலகையை மீட்கலாமா என்று தொண்ணூறுகளில் சோதனை செய்தார்கள். மீட்டது கொஞ்சம், செலவு எக்கச்சக்கம். கட்டடங்கள் பல இருபது இருபத்தைந்து வருடம் கண்ணாடி உடைந்து, கிறுக்கல் எழுத்து ஏறி அப்படியே நின்றன. நிலத்தைக் கிட்டத்தட்ட இனாமாகக் கொடுத்தது ராணுவம். இடிக்கிற கூலி பிறகுதான் தெரிந்தது.

தண்ணீர் இன்னொரு தலைவலி. பாளையத்துக்கென்று நிலத்தடியிலிருந்து ஆண்டுக்கு எடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் குறித்தது 6,600 ஏக்கர்-அடி. நம் கணக்கில் கால் டி.எம்.சி.க்குச் சற்று மேல். அந்த வரம்புக்குள்தான் கல்லூரியும் ஊர்களும் புதுக் குடியிருப்புகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அளவுக்கு மிஞ்சி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்த நிலம் அது. இதை நம் கடலோரத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. போதாக்குறைக்கு, ராணுவம் எஞ்சின் கழுவக் கொட்டிய கரைப்பான் திரவங்களும் மண்ணில் இறங்கி ஊற்றில் கலந்திருந்தன. 1990-லேயே, மூடும் முடிவு வருவதற்கு முன்பே, நாட்டின் மோசமான மாசுத் தலங்களின் பட்டியலில் ஃபோர்ட் ஆர்டு ஏறியிருந்தது. அந்த நீரை இறைத்து, கரிப் படுகையில் வடிகட்டி, மறுபடி மண்ணுக்குள் விடுகிற ஆலைகள் பல்லாண்டு ஓடின.

சாலையும் குழாயும் யார் செலவு? இந்தக் கேள்வி மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. கல்லூரி நிர்வாகம் 25,000 மாணவர்களுக்குத் திட்டம் போட்டது. அத்தனை பேர் வந்தால் வெளியே சாலை நெரியும், தண்ணீர் வேண்டும், தீயணைப்பு வண்டி வேண்டும். உங்கள் பங்கைக் கொடுங்கள் என்றன மரீனா நகராட்சியும், நிலப் பங்கீட்டுக்கென்று அமைத்த ஃபோர்ட் ஆர்டு மறுபயன்பாட்டு ஆணையமும். அரசுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குத் தானமாகத் தர அரசியல் சட்டம் இடம் கொடுக்காது என்று கல்லூரி சாதித்தது. கல்யாண வீட்டுக்காரர் தெருவை அடைத்துப் பந்தல் போட்டுவிட்டு, இலை அள்ளத்தான் முனிசிபாலிட்டி இருக்கிறதே என்று கையைத் துடைத்துக்கொள்வது மாதிரி. 2006-ல் தீர்ப்பு வந்தது: உன்னால் வரும் பாதிப்பைச் சரிசெய்யக் கொடுப்பது தானமாகாது. கல்லூரி தோற்றது. 25,000 என்ற கனவோ எட்டவேயில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் எண்ணிக்கை 7,000-ஐ ஒட்டித்தான் ஏறி இறங்குகிறது.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன் என்றும் சொல்லலாம்.

1994-ல் நிலம் பெற்ற கல்வி நிறுவனம் ஒன்றல்ல, இரண்டு. மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 1,370 ஏக்கர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் என்ற மற்றொரு பெரிய அமைப்புக்கு, சான்டா குரூஸ் வளாகத்தின் பொறுப்பில், பழைய ராணுவ விமான ஓடுதளத்தை ஒட்டி ஆயிரம் ஏக்கருக்கு மேல். முன்னது வகுப்பறைக்கு. பின்னது கல்வி–அறிவியல்–தொழில்நுட்ப மையத்துக்கு. ஆராய்ச்சிக்கூடங்கள் வரும், கம்பெனிகள் பக்கத்தில் கடை விரிக்கும், பட்டாளத்தோடு போன வேலைகள் பல மடங்காகத் திரும்பும் என்பது திட்டம். காகிதத்தில் இரண்டாவதுதான் கவர்ச்சி. முதலாவது இன்னுமொரு சர்க்கார் கல்லூரி, அவ்வளவுதான்.

நடந்தது தலைகீழ். கல்லூரி ஓட்டைக் கட்டடத்தில் பாடம் நடத்தி நிலைத்துவிட்டது. தொழில்நுட்ப மையத்தின் நிலத்தில் ஏறக்குறைய 600 ஏக்கர் இயற்கைக் காப்பகம். மிச்சத்தில் பெரும்பகுதி வருடக்கணக்கில் புல் முளைத்துக் கிடந்தது. கடைசியில் பல்கலைக்கழகமே திட்டத்தைச் சுருக்கிக்கொண்டது. காரணம் தேட ரொம்பத் தூரம் போகவேண்டாம். நூறு கிலோமீட்டர் போனால் போதும். அங்கே சிலிக்கான் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆளும் முதலீடும் அங்கே இருக்கும்போது, கடலோர மணல்மேட்டில் நிலம் மலிவு என்பதற்காக ஒரு கம்பெனி ஏன் கிளம்பி வர வேண்டும்? கல்லூரிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆசிரியர் சம்பளத்துக்கு மாநில அரசு இருந்தது. படிக்கச் சாலினாஸ் பள்ளத்தாக்கில் பிள்ளைகள் இருந்தார்கள். (அந்த ஓடுதளத்தில் இப்போது ஜோபி என்ற நிறுவனம் மின்சார விமான டாக்சி செய்கிறது. ஆனால் அது 1994-ல் வரைந்த படத்தில் இருந்ததல்ல.)

தொழில்நுட்பம் வந்ததும் கல்லூரி வழியாகத்தான். 2013-ல் சாலினாஸில் உள்ள ஹார்ட்னெல் என்ற இரண்டாண்டுக் கல்லூரியோடு சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். கணினி அறிவியல் பட்டத்தை நான்கு வருடத்துக்குப் பதில் மூன்றே வருடத்தில் முடிப்பது. ‘சிஎஸ்-இன்-த்ரீ’ என்று பெயர். உதவித்தொகைக்கு முதலில் கை கொடுத்தது ஆர்க்கிட் பூ வளர்த்துப் பணம் சேர்த்த ஆன்டி மட்சுயியின் அறக்கட்டளை. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து கீரை அறுக்க வந்தவர்களின் பிள்ளைகள். வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கிற முதல் ஆள். பெண்களும் கணிசம். முப்பது பேர் அளவில் ஒரு குழு. மூன்று வருடமும் அதே குழு ஒரே வகுப்பில், ஒன்றாகவே வீட்டுப்பாடம், ஒன்றாகவே நேர்முகத் தேர்வுப் பயிற்சி. விடியற்காலை வயலுக்குப் போகிற அப்பாவுக்கு மகள் எழுதுகிற நிரல் புரியாது. பக்கத்து இருக்கைக்காரியின் அப்பாவுக்கும் புரியாது என்பதில் ஒரு தைரியம் உண்டு. 2016-ல் முதல் குழு வெளியே வந்தது. ஆயிரம் ஏக்கர் மையம் தேடிப்போன சிலிக்கான் பள்ளத்தாக்கு, இந்தப் பிள்ளைகளைத் தேடி வேலை கொடுத்தது.

கல்லூரிக்கு நிலம் கொடுத்தது சரி. நிலத்தைக் காட்டினால் கம்பெனி வரும் என்று நம்பியது தப்பு. முப்பது வருடக் கணக்கைப் பார்த்த பின் எனக்கு இதில் சந்தேகம் இல்லை.

இன்னொரு பாக்கி இருக்கிறது. 28,000 ஏக்கரில் சுமார் 8,000 ஏக்கர், குண்டு விழுந்து வெடிக்கும் பயிற்சிக் களம். விழுந்ததெல்லாம் வெடித்துவிடவில்லை. தேடி எடுக்கலாம் என்றால் ஆளுயரப் புதர். வெட்டப் போகிறவன் காலடியில் எது இருக்குமோ. அதனால் ராணுவம் புதருக்குத் தீ வைத்துவிட்டுத் தேடுகிறது. அந்தப் புதர்ச்செடிகளில் சில தீ பட்டால்தான் மறுபடி முளைக்கும் ஜாதி என்பதால் இயற்கை ஆர்வலர்களுக்கும் சம்மதம். 2003-ல் வைத்த தீ குறித்த எல்லையைத் தாண்டிப் பரவி, புகை ஊருக்குள் புகுந்து பெரிய ரகளையாயிற்று. கடற்கரை மணல்மேட்டில் துப்பாக்கி சுட்டுப் பழகிய இடங்களில் தோட்டாவின் ஈயம் மண்டியிருந்தது. மேல்மண்ணை அள்ளிக் கொண்டுபோய் மூடிவைத்த பிறகுதான் அது 2009-ல் மாநிலப் பூங்காவாகத் திறந்தது. உள்நாட்டுப் பக்கம் 14,000 ஏக்கருக்கு மேல் 2012-ல் அதிபர் ஒபாமா தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். சைக்கிள் ஓட்டுகிறவர்களும் குதிரைக்காரர்களும் போகிறார்கள், குறித்த பாதையில் மட்டும்.

வேலிக்கு அப்பால் எச்சரிக்கைப் பலகை உண்டு. வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ராணுவம் மூன்று விதி சொல்லிக்கொடுக்கிறது: என்னவென்று அடையாளம் கண்டுகொள், தொடாமல் வந்த வழியே திரும்பு, தகவல் சொல். வகுப்பு தொடங்கப் பதினோரு மாதம் ஆயிற்று. குண்டு பொறுக்குகிற வேலை முப்பது வருடம் கடந்தும் நடக்கிறது.

(தொடரும்)