குரல் போனவர் கண்ட குரல்வளை

1825 நவம்பர் 29 அன்று நியூயார்க்கின் பார்க் தியேட்டரில் ரோஸினியின் 'செவில்லின் சவரக்காரர்' ஓபரா அரங்கேறியது. இத்தாலிய மொழியிலேயே அமெரிக்கா கேட்ட முதல் ஓபரா அதுதான். பிரபுவாகப் பாடியவர் மனுவேல் கார்சியா. அந்தப் பாத்திரத்தை ரோஸினி எழுதியதே அவருக்காகத்தான். அவர் மனைவி ஜோவாக்கினாவும் மேடையில் இருந்தார். கதாநாயகி அவர்களின் மகள் மரியா. சவரக்காரர், 20 வயது மகன் மனுவேல்.

மரியா பின்னாளில் மாலிப்ரான் என்ற பெயரில் ஐரோப்பாவையே மயக்கினார். கடைக்குட்டி பவுலினும் பெரும் பாடகியானார். மகனுக்குத்தான் குரல் நிலைக்கவில்லை. இள வயதிலேயே மேடையை விட்டார். அப்பாவின் கண்டிப்பான பயிற்சிக்கு அதில் பங்கு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

மகன் மனுவேல் சில காலம் ராணுவ மருத்துவமனையில் பணியாற்றி, தொண்டையின் உடற்கூறைக் கற்றார். பிறகு பாட்டு வாத்தியார். குரல் கெட்டுப்போய் வந்த பாடகி ஜென்னி லிண்டுக்கு அவர் முதலில் சொன்னது, சில வாரம் வாயே திறக்காதே என்பதுதான். ஆனால் பாடும்போது உள்ளே என்ன நடக்கிறது? உயிருள்ள தொண்டையில் அதைத் தெளிவாகப் பார்க்க அன்று வழியில்லை.

1854இல் பாரிஸில், பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் நீளக் காம்புக் கண்ணாடி ஒன்றை வாங்கினார். பனிக்காமல் இருக்க வெந்நீரில் சூடாக்கி, தொண்டைக்குள் உள்நாக்கருகே வைத்தார். மறு கையில் இன்னொரு கண்ணாடி; அதைக்கொண்டு வெயிலை உள்ளே திருப்பினார். தன் குரல்வளையைத் தானே பார்த்தார்.

மூச்சு விடும்போது இரண்டு குரல் நாண்களும் விலகி நிற்கின்றன. பாடத் தொடங்கியதும் நெருங்கி மூடிக்கொள்கின்றன. கீழிருந்து முட்டும் காற்று அவற்றைப் பிளக்கிறது. அவை மறுகணமே சேர்கின்றன. ஒவ்வொரு திறப்பிலும் ஒரு துளிக் காற்று வெளியேறுகிறது. ஆர்க்கெஸ்ட்ரா சுதி சேர்க்கும் ஸ்வரத்தில் ஒரு பெண் பாடினால் இது நொடிக்குச் சுமார் 440 முறை நடக்கும். நம் உடலின் எந்தத் தசையும் மூளையின் கட்டளைக்கு இவ்வளவு வேகமாகச் சுருங்கி விரியாது. மூளை நாண்களை இழுத்துப் பிடிப்பதோடு சரி. துடிக்க வைப்பது காற்றும் நாண்களின் மீள்திறனுமே. மரியாவின் தொண்டையில் நடந்ததும் இதேதான். அதை அவருக்குச் சொல்ல வழியில்லை. 1836இலேயே, 28 வயதில், இறந்துவிட்டார்.

1855இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கார்சியாவின் கட்டுரை வாசிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் மருத்துவர்கள் வெயிலுக்குப் பதில் விளக்கொளியைப் பயன்படுத்தி, தொண்டை நோய்களை நேரில் பார்க்கத் தொடங்கினார்கள். 1905இல் அவருடைய நூறாவது பிறந்தநாளுக்குத் தொண்டை மருத்துவர்கள் லண்டனில் விழா எடுத்தார்கள். பாட்டு வாத்தியாரும் வந்திருந்தார்.