ஆயிரம் நாய்களின் பண்ணை

மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்ட்டா ரிக்கா என்னும் சிறு குடியரசு, 1948ஆம் ஆண்டில் தன் சேனையைக் கலைத்துவிட்ட தேசம் என்ற வகையில் சரித்திர மாணவர்க்கு அறிமுகமானதே. அந்நாட்டின் எரேதியா மாகாணத்து மலைச்சரிவிலே ‘தெரித்தோரியோ தே சகுவாத்தெஸ்’ என்று ஒரு பண்ணை உளது. ‘சகுவாத்தே’ என்பது, இன்ன சாதியென்று சொல்லவியலாத கலப்பு நாய்க்கு அந்நாட்டார் வழங்கும் பெயர். ஆகவே இதனைக் ‘கலப்பு நாய்களின் நாடு’ என்று நாம் மொழிபெயர்த்துக் கொள்ளலாம்.

லியா பாட்டில் என்னும் அம்மையார் தோற்றுவித்த இப்பண்ணை 350 ஏக்கருக்கு மேற்பட்டது. வீதிகளிற் கைவிடப்பட்ட நாய்களே இதன் குடிகள். அவற்றின் தொகை 1,000ஐக் கடந்ததும் உண்டு. அவை திரள் திரளாய்ப் பசும்புல் மேட்டில் ஓடிவருங் காட்சியைப் படத்திற் கண்டோர், இத்தகைய பண்ணையொன்றை நடத்துதல் பெரிதும் இன்பமான தொழில் என்றே எண்ணுவர். நாமும் அங்ஙனமே எண்ணினோம். காகிதமும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிட்ட பின்னரே அவ்வெண்ணம் மாறிற்று.

நடுத்தர உருவமுள்ள நாயொன்றிற்கு நாளொன்றுக்கு உலர்ந்த தீனி ஏறத்தாழ 250 கிராம் வேண்டும் என்று கொள்வோம். ஆயிரம் நாய்களுக்கு 250 கிலோகிராம். ஓராண்டிற்கு 91 டன்னுக்கு மேல்! இத்துணையும் எவரோ வாங்கி, மலைமேல் ஏற்றி, எலியும் ஈரமும் அணுகாது காத்து, நாள்தோறும் பங்கிட வேண்டும். பங்கிடுதலும் எளிதன்று. ஓரிடத்தே குவித்து வைப்பின் வலியது உண்ணும், மெலியது பார்த்து நிற்கும், சண்டையும் மூளும். ஆதலின் கலங்களை இடைவிட்டு வைத்து, கிழடும் நோயுற்றனவுமாகியவற்றைத் தனியே ஊட்டுவர். உண்ணாது ஒதுங்கி நிற்பதே பெரும்பாலும் நோயின் முதல் அறிகுறி. கூட்டத்தினிடையே அதனைக் கண்டறியுங் கண் பழக்கத்தால் வருவதேயன்றிப் புத்தகத்தால் வருவதன்று. உண்டவை கழித்ததை வாருதலும் அன்றாட அலுவலிற் பெரும்பகுதியாம். நாய்களின் குடற்புழு முட்டைகள் மலத்தின் வழியே மண்ணிற் சேர்ந்து, மீண்டும் நாய்களையே பற்றுமாகலின், அதனை ஒருநாளேனும் ஒத்திவைத்தல் ஆகாது.

இனி நோயின் கொடுமையைக் கூறுவாம். நாய்க்குட்டிகளைக் கொல்வதில் ‘பார்வோ’ என்னும் வைரஸ் முதன்மையானது. குருதி கலந்த பேதியும் வாந்தியும் கண்டு, ஓரிரு நாளிலே குட்டி மாண்டுபோதல் உண்டு. இக்கிருமி மண்ணிலே பல மாதங்கள் உயிரோடிருக்க வல்லது. சாதாரணச் சோப்பிற்கு அஞ்சாது. கழுவிய தரையில் குளோரின் கலந்த வெளுப்பு நீரை ஊற்றின் அழியும். புல்வெளியை எங்ஙனம் கழுவுவது? கூண்டின்றித் திரியுஞ் சுதந்தரத்தை நாய்களுக்கு அளித்த அந்நிலமே, காப்போர்க்கு இவ்வகையிற் பெருந்தொல்லையும் ஆகின்றது. இது பற்றியே புகலிடங்களில், புதிதாய் வந்த நாயைத் தடுப்பூசியிட்டு ஏறத்தாழ இரண்டு வாரம் தனியே வைப்பர். பணியாளர் காலையில் முதற்கண் நலமுள்ள குட்டிகளைப் பேணி, நோயுற்றவற்றை இறுதியிலேயே அணுகுவர். இவ்வரிசை மாறின், அவர்தம் பாதரட்சையே கூற்றுவனாகும்.

பெட்டை நாய் 63 நாள் அளவிற் கருச்சுமந்து, ஓராண்டில் இருமுறையுங் குட்டியீன வல்லது. ஆகவே கருத்தடைச் சிகிச்சையின்றி ஆண்டிரண்டு கழியுமாயின் எப்பண்ணையும் நில்லாது.

இவையனைத்தினும் கடினமானது வாயிற்கதவருகே நிகழ்வது. புகலிடம் ஒன்று உண்டென்று ஊரார் அறிந்துவிடின், இரவிலே நாயைக் கொணர்ந்து வேலியிற் கட்டிவிட்டு மறைவாரும் உளர். இடமில்லை என்று மறுத்தால் அந்நாய் வீதியில் மடியலாம். ஏற்றாலோ, முன்னிருப்பவற்றின் உணவும் மருந்தும் குறையும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நகரசபைப் புகலிடங்கள் பல, இடமின்மை காரணமாக நலமுள்ள நாய்களையுங் கொன்று வந்திருக்கின்றன. கோஸ்ட்டா ரிக்காப் பண்ணையோ அவ்வழியை மேற்கொள்ளாதது. கொல்லாமையைக் கைக்கொண்டோர் ஏற்பதற்கும் ஓர் எல்லை வகுத்தே ஆகவேண்டும் என்பது நம் கருத்து. இரக்கத்தால் எல்லாவற்றையும் ஏற்று, ஒன்றையும் பேணமாட்டாது, இறுதியில் தாமே அவற்றைப் பட்டினியிட்ட நல்லோரும் உலகில் உண்டு. ஆயினும் வாயிலில் நின்று “முடியாது” என்று சொல்லுந் தைரியம் நமக்கு வருமோ என்பது ஐயமே.

நல்ல இல்லங்களுக்கு அனுப்பினாலன்றி இடம் ஒழியாது. கொள்வாரோ, “என்ன சாதி?” என்றே முதலில் வினவுவர். இதற்குப் பண்ணையார் ஒரு வேடிக்கையான உபாயஞ் செய்தனர். ஒவ்வொரு நாயையும் நன்கு நோக்கி, அதற்கென்றே ஒரு சாதிப்பெயர் புனைந்து, சித்திரமும் வரைவித்தனர். ‘நெருப்புவால் பார்டர் காக்கர்’ என்பது அவற்றுள் ஒன்று. உலகில் வேறெங்குங் கிட்டாத சாதி, ஒன்றே ஒன்றுதான் உண்டு! அதுவரை ஏறெடுத்தும் பாராதவர் அப்பெயரைக் கேட்டு நின்று பார்த்தனராம்.

எனினும், கண்ணிழந்ததும் காலிழந்ததும் முதிர்ந்ததுமாகிய சில, எப்பெயரிட்டாலும் எவராலும் கொள்ளப்படாமல் அங்கேயே தங்கிவிடுதல் இயல்பு. பார்வையாளர்க்குப் பண்ணை திறக்கப்படும் நாளில், அவையும் மற்றவற்றோடு தம்மால் இயன்ற அளவு மேடேறி, பாதி வழியில் அமர்ந்து, கீழிறங்கி வருவோரை எதிர்பார்த்திருக்கும்.