காட்டைத் திருடியவர்கள் காட்டும் காடு

பெரியார் புலிகள் காப்பகத்தில் பயணிகளை அழைத்துச் செல்பவர்கள் ஒரு காலத்தில் வனத் துறை தேடிக்கொண்டிருந்த ஆட்கள். புலி கண்ணில் படுவது அபூர்வம். ஆனாலும் அவர்கள் நடக்கிற வரை காட்டுக்கு லாபம்தான்.

முன்னால் போகிறவர் நின்று கையை உயர்த்துகிறார். பின்னால் வருகிற நகரத்துப் பயணிகளின் சளசளப்பு அடங்குகிறது. பாதையில் கிடப்பது யானை லத்தி. அவர் குச்சியால் கிளறிப் பார்க்கிறார். உள்ளே இன்னும் சூடு ஆறவில்லை. ஒரு சிட்டிகை புழுதியை எடுத்துக் காற்றில் விட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று கவனிக்கிறார். பிறகு பேச்சே இல்லை. கூட்டம் முழுவதும் பாதையை விட்டு விலகி, சரிவில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போகிறது.

இந்த வித்தையைக் கற்க அவர்கள் எந்தப் பயிற்சி முகாமுக்கும் போனதில்லை. யானையிடமும் வனக் காவலர்களிடமும் ஒரே சமயத்தில் தப்பித்து வாழ வேண்டியிருந்த நாட்களில் தானாக வந்தது இது.

கேரளத்தின் தேக்கடியில் 1998இல் தொடங்கிய 'பெரியார் டைகர் டிரெயில்' என்ற நடைப் பயணத்தின் விசேஷமே இதுதான். அதன் முதல் வழிகாட்டிகளான 23 பேரும் முன்னாள் பட்டைக் கடத்தல்காரர்கள். கடத்தியது 'வயணா' மரத்தின் பட்டை. இலவங்கப்பட்டையின் காட்டு உறவு என்று சொல்லலாம். கேரளத்து வீடுகளில் பலாப்பழ மாவை இதன் இலையில் கூம்பு மடித்து ஆவியில் வேகவைப்பார்கள். அந்த அப்பத்தின் மணம் பாதி இலையினுடையது. இலையைப் பறித்தால் மரம் மறுபடி துளிர்க்கும். பட்டையைச் சுற்றிலும் உரித்தால் அப்படியல்ல. இலைகள் தயாரிக்கும் உணவு வேருக்கு இறங்கும் வழியே பட்டையின் உட்புறத்தில்தான் இருக்கிறது. அது அறுந்தால் மரம் நின்ற நிலையில் பட்டுப்போகும். ஊதுபத்திக்கும் மசாலாவுக்கும் போன ஒவ்வொரு சுமைக்கும் பின்னால் காட்டில் செத்த மரங்கள் இருந்தன.

குழுவாகக் காட்டுக்குள் புகுந்து, நாட்கணக்கில் தங்கி, உரித்த பட்டையைத் தலைச்சுமையாக வெளியே கொண்டு வருவது இவர்களின் பிழைப்பு. சமையலுக்குக் கிடைத்த மிருகத்தை அடிப்பதும் உண்டு. சம்பாத்தியத்தில் பெரும்பங்கு இடைத்தரகருக்குப் போனது. மிஞ்சியதை வழக்கும் வாய்தாவும் தின்றன. கடத்தல்காரர் என்றாலே கோடீஸ்வரர் என்று நினைக்க சினிமா நம்மைப் பழக்கியிருக்கிறது. இங்கே நிலைமை வேறு.

திருப்பம் வந்தது, உலக வங்கி, உலகச் சுற்றுச்சூழல் நிதியம் ஆகியவற்றின் உதவியோடு 1996இல் தொடங்கிய இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில். நாட்டில் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு காப்பிடங்களில் பெரியாரும் ஒன்று. வனத் துறை பேரம் பேசியது: சரணடையுங்கள், வழக்குகளைக் கைவிடுகிறோம், காட்டிலேயே கௌரவமான வேலை தருகிறோம். திருடன் கையில் சாவியைக் கொடுப்பதா என்ற கேள்வி எழாமல் இருக்காது. ஆனால் சாவி ஏற்கெனவே திருடனிடம்தான் இருந்தது. எந்த ஓடையை எங்கே தாண்டலாம், எந்த மேட்டிலிருந்து பார்த்தால் காவலரின் நடமாட்டம் தெரியும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி.

ஓர் இரவு அல்லது இரண்டு இரவு என்று வகுக்கப்பட்ட பயணம் இது. ஒரு குழுவில் பயணிகள் ஐந்தாறு பேருக்கு மேல் இல்லை. ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் வழிகாட்டிகள். கூடவே துப்பாக்கியுடன் ஒரு வனக் காவலர். அரிசி, பாத்திரம், கூடாரம் எல்லாம் வழிகாட்டிகளின் முதுகில். அட்டைகளுக்காக முழங்கால் வரை வரும் துணி உறையை மாட்டிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் அதையும் மீறி ஓரிரண்டு ஏறிவிடும். பயணிகள் அலற, வழிகாட்டிகள் தங்கள் காலில் ஏறியதைச் சுண்டிவிட்டு நடப்பார்கள்.

ஏரியோரப் புல்வெளி வரை நடை சுலபம். முல்லைப் பெரியாறு அணை 1895இல் தேக்கிய நீரில் மூழ்கிய மரங்களின் மொட்டைத் தண்டுகள் இன்றும் ஏரியில் நிற்கின்றன; அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்கின்றன. கரையில் மிளா, காட்டெருமை, அதிர்ஷ்டமிருந்தால் செந்நாய். புல்வெளி முடிந்து மழைக்காடு தொடங்கும் இடத்தில் வெளிச்சம் சட்டென்று குறைகிறது. உச்சி வெயிலிலும் உள்ளே மாலை நேரம்தான். பெருமரங்களின் தலைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருப்பதால் காட்டின் உயிர்களில் பாதி மேலேயே குடியிருக்கின்றன. கீழே நடப்பவருக்கு அவை காதுக்குத்தான் முதலில் எட்டும். மலை அணிலின் கடகட ஓசை, கருமந்தியின் உறுமல். நீராவி எஞ்சின் புறப்படுவது போன்ற சத்தம் தலைக்கு மேலே கடந்தால் அது இருவாச்சி. அதன் சிறகோசை அத்தனை பலமானது. கேரளத்தின் மாநிலப் பறவை. முள் போர்த்த வெடிப்பலாக் காய் துண்டு துண்டாகக் கீழே கிடந்தால் வழிகாட்டி அண்ணாந்து பார்ப்பார். சிங்கவால் குரங்குக்கு மிகவும் பிடித்த தீனி அது.

புலி? சேற்றில் காலடித் தடம், மரத்தில் நகக் கீறல், ரோமம் கலந்த எச்சம். பெரும்பாலானவர்களுக்கு அதோடு சரி. ஜீப்பில் உட்கார்ந்து புலியை அருகில் பார்த்துப் பழகிய ரந்தம்பூர் ரசிகருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். அடர்ந்த மழைக்காட்டில் பத்தடிக்கு அப்பால் நிற்கும் யானையே தெரிவதில்லை. தேக்கடிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஏரியில் படகு சவாரி செய்து, தூரத்து யானைக்குக் கை அசைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். காட்டுக்குள் நடப்பவர்கள் சொற்பம். அதுவும் நல்லதற்கே.

இரவில் கூடாரங்களுக்கு வெளியே முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள். உண்மையில் இந்தப் பயணம் முழுவதுமே ஒரு ரோந்துதான். பயணி காசு கொடுத்துக் கூட நடக்கிறார், அவ்வளவே. புதிதாக ஒடிந்த கிளை, அணைந்த அடுப்பின் சாம்பல், கண்ணி வைத்த தடம் எதுவும் பழைய கண்களுக்குத் தப்பாது. தங்களுடைய பழைய தொழிலில் இருந்த மற்றவர்களைப் பிடிக்கவும் இவர்கள் கொடுத்த தகவல்கள் உதவியிருக்கின்றன. கட்டணத்திலிருந்து வழிகாட்டிகளின் ஊதியம் போகிறது. இன்னொரு பகுதி சமூக நலனுக்கு.

வெளிநாட்டுப் பணத்தில் தொடங்கும் திட்டங்கள் பணம் தீர்ந்ததும் பெயர்ப் பலகையோடு நின்றுவிடுவது நாட்டு வழக்கம். இங்கே அப்படி ஆகவில்லை. திட்டம் 2004இல் முடிந்தபோது, சுற்றுலா வருமானம் காப்பகத்துக்கும் கிராமங்களுக்கும் பயன்பட 'பெரியார் அறக்கட்டளை' அமைக்கப்பட்டது. எல்லாப் புலிகள் காப்பகங்களுக்கும் இத்தகைய அறக்கட்டளை வேண்டும் என்று 2006இல் வனவிலங்குச் சட்டமே திருத்தப்பட்டது. இடையில் விளிம்பு கிராமப் பெண்கள், 2002இல் 'வசந்த சேனை' என்ற பெயரில் ஊதியமில்லாமலே தினமும் ரோந்து போகத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பயணிகளின் கட்டணமும் இல்லை, கைதட்டலும் குறைவு.

சுற்றுலாவை நம்பிய பிழைப்பு எவ்வளவு மெலிந்த கயிறு என்பதும் தெரிந்துவிட்டது. நாடு முழுவதும் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் 2012 ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது. அக்டோபரில் நெறிமுறைகளோடு விலக்கியது. கொரோனா காலத்தில் 2020இல் காப்பகங்களின் கதவுகள் மீண்டும் பயணிகளுக்கு மூடப்பட்டன. பயணி வராத மாதங்களிலும் காட்டுக்குக் காவல் வேண்டும். காவல் காப்பவருக்குச் சோறும் வேண்டும். இந்தக் காட்டில் பெய்யும் மழைதான் ஏரியாகத் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை வயல்களுக்கு இறங்குகிறது. எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இது வேறு மாநிலத்துச் சங்கதி இல்லை.

1998இல் முப்பது வயதில் சரணடைந்தவர் இன்று அறுபதை நெருங்குகிறார் அல்லது தாண்டிவிட்டார். கூடாரமும் அரிசியும் சுமந்து சரிவுகளில் ஏறும் வயதல்ல அது. அடுத்த தலைமுறை வழிகாட்டிகளைப் பறவைப் பெயர்களும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்துத் தயார் செய்யலாம். ஆனால் அவர்கள் யாரிடமிருந்தும் ஒளிந்து இந்தக் காட்டில் இரவுகளைக் கழித்தவர்கள் இல்லை. லத்தியின் சூட்டையும் காற்றின் திசையையும் அவர்கள் இந்தப் பெரியவர்களுடன் நடந்துதான் கற்க வேண்டும். அதற்கு இருக்கும் காலம் இவர்கள் நடக்கிற வரைதான்.