டிவியில் போர் கணிப்பு சொல்லும் ‘முன்னாள்’ அதிகாரிகள்... எவ்வளவு நம்பலாம்?

போர் எங்கே வெடித்தாலும், டிவி விவாதத்தில் முதல் நாற்காலி ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிக்குத்தான். களம் கண்டவர், பதவியில் இல்லாததால் பயமில்லாமல் பேசுவார்னு நாமும் நம்பிக் கேட்கிறோம். ஆனால், அவர்கள் சொல்வதெல்லாம் நடக்கிறதா? உக்ரைன் போரையே பார்க்கலாம்.

சரியாகச் சொன்னவர்

ரஷ்ய ராணுவத்தின் முன்னாள் கர்னல் மிகைல் ஹோதரியோனோக். போர் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பு, 2022 பிப்ரவரியில் ஒரு கட்டுரை எழுதினார். உக்ரைன் மக்கள் ரஷ்யப் படையை வரவேற்க மாட்டார்கள், சில நாளில் முடியும் போர் இது இல்லை என்று எச்சரித்தார். கீவ் நகரைப் பிடிக்க முடியாமல் ரஷ்யப் படை பின்வாங்கியபோது அது உண்மையானது.

அதே ஆண்டு மே மாதம் ரஷ்ய அரசு டிவியில், உலகமே நமக்கு எதிராக நிற்கிறது என்று வெளிப்படையாகப் பேசினார். அடுத்த சில நாளிலேயே சுருதி மாறியது. உக்ரைனின் பலத்தை மிகைப்படுத்த வேண்டாம் என்றார்.

தவறியவர்

ஐரோப்பாவில் அமெரிக்கத் தரைப்படைக்குத் தலைமை வகித்தவர் பென் ஹோட்ஜஸ். 2023 கோடை முடிவதற்குள் கிரிமியா உக்ரைன் வசமாகலாம் என்று கணித்தார். நடக்கவில்லை. நீண்டதூர ஆயுதங்கள் கிடைத்தால் என்ற நிபந்தனையும் அவர் பேச்சில் இருந்தது. தலைப்புச் செய்தியில் அந்த ‘ஆல்’ காணாமல் போய்விடுகிறது!

பின்னால் யார்?

ஈராக் போர் பற்றி அமெரிக்க சேனல்களில் பேசிய ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கு, பென்டகனே தனிக் கூட்டங்கள் நடத்தி விவரம் கொடுத்து வந்தது. பலருக்கு ராணுவ ஒப்பந்த நிறுவனங்களுடன் தொடர்பும் இருந்தது. நேயர்களுக்கு இது பெரும்பாலும் சொல்லப்படவில்லை. 2008-ல் நியூயார்க் டைம்ஸ் இதை வெளிக்கொண்டு வந்தது. அடுத்த ஆண்டு புலிட்சர் விருதும் பெற்றது.

அப்போ கேட்கவே கூடாதா?

கேட்கலாம். ஒரு ஆயுதம் எப்படி வேலை செய்யும், ஆற்றைக் கடக்க படைக்கு என்ன தேவை என்பதில் அவர்களின் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால், போர் எப்போது முடியும் என்பது தலைவர்களின் முடிவையும், ஆயுத வரத்தையும் பொறுத்தது. அங்கே முன்னாள் பதவி மட்டும் போதாது.

அடுத்த முறை மூன்றே கேள்வி கேளுங்க: ஓய்வு பெற்று எவ்வளவு காலம் ஆச்சு? இப்போ சம்பளம் கொடுப்பது யார்? போன தடவை சொன்னது நடந்ததா?